இரும்பின் ஜவ்ஹர்

வாளின் அலகில் நீரலைபோல் நெளியும் வரிகளை அறபு மொழியில் ‘ஃபிரிந்த்’ என்பர். ‘ஜவ்ஹர்’ என்றும் சொல்வர். மத்ரஸாவில் அகீதா ஓதியவர்களுக்கு இரண்டாவது சொல் பழகியதே. தானே நிற்பது ஜவ்ஹர். பிறிதொன்றைப் பற்றி நிற்பது அரழ். அலங்காரக் குத்துவாளை மதிப்பிட இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தென்படவில்லை.

பழனிச் சாலையும் வத்தலக்குண்டுச் சாலையும் கூடுமிடம் பெருமாள்மலை. கோடைக்கானல் செல்லும் பயணிகளை நம்பி நடக்கும் ஒரு கடையில் அங்கே அத்தகைய குத்துவாள் ஒன்றைக் கண்டேன். கொம்புப் பிடியில் குறை சொல்ல இடமில்லை. ‘டமாஸ்கஸ் எஃகு’ என்றார் கடைக்காரர். ஆயின் ஒருபுறத்து வரியே மறுபுறத்திலும் அச்சு மாறாமல் இருந்தது. முதுகிலோ ஒரு வரியும் இல்லை. வெற்று எஃகில் அமிலத்தால் அரித்த கோலம் அது. அரழ், வேறில்லை.

மெய்யான வரிகள் இருவகை. இருவேறு எஃகுத் தகடுகளை அடுக்கிக் காய்ச்சி, ஒட்ட அடித்து, மடித்து மீண்டும் அடிப்பது ஒன்று. மடிப்புதோறும் அடுக்கு இரட்டிக்கும். பத்துத் தகடு ஐந்து மடிப்பில் 320 அடுக்காகும். இன்றைய கைவினைஞர் செய்வன பெரும்பாலும் இவையே. இதைக் குறைவென்று கூறேன், உழைப்பு மெய்யானது. அமிலக் கோலத்துக்கும் இதற்கும் ஒரே பெயர் சூட்டி விற்பதால் நலிபவர் இந்த உழைப்பாளியே.

மற்றது நம் நாட்டு உருக்கு. களிமண் மூசையில் இரும்புத் துண்டுகளுடன் ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் இட்டு வாய்மூடி, பல நாழிகை துருத்தி ஊதி உருக்கி, மெல்ல ஆறவிடுவர். நூற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பங்கு கரி ஏறிய கட்டி கிடைக்கும். அதை மிதமான செஞ்சூட்டிலேயே பொறுமையாக அடிக்க வேண்டும். சூடு மிஞ்சினால் வரி கரையும். கட்டியே நொறுங்கவும் கூடும். தாதுவில் இம்மியளவு கலந்த வனேடியம் அவ்வரி எழத் துணைசெய்கிறதென்று உலோகவியலார் வெர்ஹோவனும் கொல்லர் பெண்ட்ரேயும் 1990களில் அமெரிக்காவில் ஆய்ந்து காட்டினர். இங்கே கோலத்தை எவரும் வரைவதில்லை. இரும்பே தன்னுள்ளிருந்து காட்டுகிறது. ஜவ்ஹர் என்ற பெயர் இதற்கே முற்றும் பொருந்தும்.

இக்கலை பெருமாள்மலைக்கு அயலன்று. பழனி மலைகளுக்கு வடக்கே விரியும் கொங்கு நாட்டில், நொய்யற்கரைக் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் இரும்புத் தொழிலின் உலை எச்சங்கள் வெளிப்பட்டன. அறபு மொழியோ இந்திய வாளுக்கு ‘முஹன்னத்’ என்று தனிச்சொல்லே வைத்தது. கஅபு இப்னு ஸுஹைர் (ரலி) தமது ‘பானத் ஸுஆத்’ கஸீதாவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை அச்சொல்லாலேயே புகழ்ந்தார். ஒன்பதாம் நூற்றாண்டில் வாள்களைப் பற்றித் தனிநூல் செய்த அல்கிந்தி ஸரந்தீபு வாளையும் பேசுகிறார். அறபுப் புலவர் இந்தியாவின் பெயரால் அழைத்ததை இந்தியக் கடைவீதி திமிஷ்கின் பெயரால் விற்கிறது! 1795இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் ஜார்ஜ் பியர்சன் எழுதிய கட்டுரையில்கூட அது ‘வூட்ஸ்’ என்ற நம் நாட்டுப் பெயரோடுதான் நின்றது.

சுவரில் மாட்ட ஒன்று வாங்க விரும்பும் அன்பர்கள் பிடியையும் உறையையும் பிறகு பார்க்கட்டும். முதலில் அலகின் முதுகைத் திருப்பி, வரி அங்கும் தொடர்கிறதா என்று நோக்கட்டும். விற்பவர் இசைந்தால் ஒரு மூலையை உப்புத்தாளால் தேய்த்து மீண்டும் அமிலம் தொடச் சொல்லலாம். உள்ளிருக்கும் வரி திரும்பி வரும்.