அரைநொடி பிந்தும் நடிப்பு

‘எவ்ரிதிங் எவ்ரிவேர் ஓல் அட் வன்ஸ்’ (2022) படத்துக்குக் கிடைக்கும் பாராட்டெல்லாம் சண்டைக் காட்சிகளுக்குப் போகிறது. திட்டெல்லாம் குழப்பத்துக்குப் போகிறது. இரண்டும் விலாசம் தவறிய கடிதங்கள். 2023இல் கதாநாயகிக்கு ஒஸ்கார் வாங்கிக் கொடுத்த நடிப்பின் வித்தை, கவனத்தை இரண்டு இடத்தில் பிரித்து வைப்பதில் இருக்கிறது.

வரி அலுவலகக் காட்சியைப் பார்த்தால் விளங்கும். கரோக்கே இயந்திரம் வாங்கிய பற்றுச்சீட்டில் அதிகாரி கறுப்பு வட்டம் போட்டு விளக்கம் கேட்கிறார். சலவைக்கடைக்காரியான கதாநாயகி மேசை முன்னால் இருக்கிறாள். அதே நேரம் வேறோர் உலகத்தில் துடைப்பம் வைக்கும் அறைக்குள்ளும் நிற்கிறாள். நடிகை கண்ணை உருட்டவில்லை, தலையைப் பிடிக்கவில்லை. கேள்வி போய்ச் சேர அரைநொடி பிந்துகிறது, அவ்வளவுதான். தமிழ்ப்படமென்றால் இந்த வேலையை மீசையும் விக்கும் பார்த்திருக்கும். ‘12பி’ (2001) பேருந்தைப் பிடித்தவன், தவறவிட்டவன் என்று ஒருவனுக்கே இரண்டு வாழ்க்கை கொடுத்தது; துணிச்சலான படம்தான், ஆனால் ஒரு முகத்துக்குள் இரண்டையும் அது ஏற்றவில்லை.

மொழியிலும் இதே வித்தைதான். கதாநாயகி தகப்பனிடம் கன்டனீஸ் பேசுகிறாள், கணவனிடம் மாண்டரின், மகளிடம் ஆங்கிலம். திருகோணமலை உப்புவெளியில் விடுதி நடத்தும் பெண்ணுக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை. வெள்ளைக்காரருக்கு ஆங்கிலத்தில் அறை வாடகை சொல்லி, வாசலில் நிற்கும் உத்தியோகத்தருக்குச் சிங்களத்தில் பதில் கொடுத்து, அதே மூச்சில் குசினிப் பக்கம் திரும்பி “மீன் கருகுது, அடுப்பைக் குறை” என்பவள் அவள்.

படத்தின் உண்மையான குறை, விளங்கியதையே திரும்பத் திரும்ப விளக்குவது. சொசேஜ் விரல் உலகம் முதல் தடவை சிரிப்பு, மூன்றாம் தடவை கொட்டாவி. மலையுச்சியில் இரண்டு கற்கள், குரலே இல்லை, எழுத்து மட்டும்: அந்தக் காட்சி தாயையும் மகளையும் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறது. அதற்குப் பிறகும் பேச்சு நீள்கிறது. படத்தொகுப்புக்கும் ஒஸ்கார் கொடுத்தார்கள். 139 நிமிடத்தில் இருபதைக் கழித்திருந்தால் இரண்டாகவே கொடுத்திருக்கலாம்.

இதன் சாயலில் தமிழ்ப்படம் வரத்தான் போகிறது. நாயகனுக்கு ஆறு கெட்டப், ஆறு அறிமுகப் பாட்டு இருக்கும்; அம்மாவுக்கு ஓர் உலகம்கூட ஒதுக்கமாட்டார்கள். உருப்படியான முயற்சி திருகோணமலைப் பக்கமிருந்து குறும்படமாக வந்தாலும் வரும். கச்சேரி மேசையும் மும்மொழிப் படிவமும் காத்திருக்கும் ஒரு பெண்ணும் அதற்குப் போதும், கிராபிக்ஸ் செலவு மிச்சம். எந்த மொழியில் உபதலைப்புப் போடுவது என்பதில் மட்டும் படக்குழுவுக்குள் சண்டை வரும்.