யாரிடம் விற்பது?

ப்ளாட்ஃபாரம் என்றால் எழும்பூரில் ரயில் வந்து நிற்கிற இடம்தானே என்கிறவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடாதீர்கள். இந்தக் கட்டுரை உங்களைப் பற்றித்தான்.

புதுசாக ஒரு ஸ்மார்ட்போன் வந்தால் வாங்குகிறவர்கள் இரண்டு ரகம். முதல் ரகம் பெட்டியைப் பிரித்த கையோடு செட்டிங்ஸுக்குள் புகுந்து, ராம் எவ்வளவு, எந்த வெர்ஷன் என்று நோண்டும். இரண்டாவது ரகம் 'பேசினா கேக்குமா, சார்ஜ் நிக்குமா, போட்டோ நல்லா விழுமா?' என்று மூன்றே கேள்வி கேட்கும். எவரெட் ராஜர்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1962-ல் இதற்குக் கணக்கே போட்டுவிட்டார். புதுப் பொருளை முந்திக்கொண்டு வாங்குகிறவர்கள் 2.5 சதவிகிதம். அவர்கள் பின்னாலேயே ஓடுகிறவர்கள் 13.5. பாக்கி 84 சதவிகிதம், 'பார்க்கலாம்ப்பா' என்கிற நீங்களும் நானும். 1991-ல் ஜெஃப்ரி மூர் இன்னொன்றைச் சேர்த்தார்: இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது, பல கம்பெனிகள் அதில்தான் விழுந்து சாகின்றன என்று.

பள்ளத்தைத் தாண்டிய கதை ஒன்று, விழுந்த கதை ஒன்று பார்க்கலாம்.

முதலாவது ஆண்ட்ராய்டு. 2007 நவம்பரில், கையில் பிடித்துப் பார்க்க ஒரு போன்கூட கடையில் இல்லாதபோதே, ஆண்ட்ராய்டுக்கு நல்ல மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு ஒரு கோடி டாலர் பரிசு என்று கூகுள் அறிவித்தது. 2008 செப்டம்பரில் நியூயார்க்கில் முதல் போனான ஜி1 அறிமுகமானது. கூகுள் ஸ்தாபகர் செர்ஜி பிரின் மேடையேறி, தான் எழுதிய ஒரு ப்ரோக்ராமைப் பற்றிச் சொன்னார்: போனைத் தூக்கிப் போட்டால் எத்தனை நேரம் காற்றில் இருந்தது என்று அது கணக்கிடும். எந்தக் குடும்பஸ்தர் போனைத் தூக்கிப் போடுவார்? அந்தக் காட்சி அவருக்கானதே அல்ல. ஹெட்போன் மாட்ட சாதாரண ஓட்டைகூட இல்லாத அந்தத் தடித்த போனை ஆர்வலர்கள் மன்னித்தார்கள். காரணம், அதில் கை வைக்க அவர்களுக்கு அனுமதி இருந்தது. டிசம்பரில் அவர்களுக்கென்றே பூட்டில்லாத போன் ஒன்று 399 டாலருக்குக் கிடைத்தது.

அடுத்த வருஷம்தான் பெரிய கூட்டத்துக்கு வந்தார்கள். 2009 அக்டோபரில் வெரைசான், மோட்டரோலாவின் 'ட்ராய்ட்' போனுக்கு ஒரு விளம்பரம் போட்டது. பார்த்தால் ஆப்பிள் விளம்பரம் மாதிரியே வெள்ளைப் பின்னணி, குஷியான பாட்டு. ஆனால் ஐபோனில் இல்லாதவை ஒவ்வொன்றாக வரிசையில் வரும். நிஜமான கீபோர்டு இல்லை, ஒரே சமயத்தில் இரண்டு வேலை ஓடாது, பேட்டரியைக் கழற்றி மாற்ற முடியாது. கவனியுங்கள், இவை அத்தனையும் ஆர்வலர்கள் ஏற்கெனவே முணுமுணுத்த குறைகள். விளம்பரக்காரர்கள் அந்த முணுமுணுப்பை எடுத்து, 'அதில் முடியாது, இதில் முடியும்' என்று அத்தை மாமாவுக்கும் புரிகிற பாஷையில் சொன்னார்கள். ஐபோன் வெரைசானில் கிடைக்காத காலம் அது என்பதும் சௌகரியமாகப் போயிற்று.

இரண்டாவது, விண்டோஸ் போன். 2010 கடைசியில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட விளம்பரத்தை ரசனையோடு எடுத்திருந்தார்கள், சந்தேகமில்லை. ஊரில் எல்லோரும் குனிந்த தலை நிமிராமல் போனையே பார்க்கிறார்கள். கட்டிலில் மனைவி காத்திருக்க, கணவன் போனைத் தட்டுகிறான். ஒருவர் பொதுக் கழிப்பறையில் போனைத் தவறவிட்டு, விட்ட இடத்திலேயே கையை விட்டு எடுக்கிறார். நம் போனிடமிருந்து நம்மைக் காப்பாற்ற ஒரு போன் வேண்டும் என்பது செய்தி.

சமூக விமரிசனமாகப் பார்த்தால் நூற்றுக்கு நூறு. இன்றைக்கு இன்னும் கூடுதலாகவே உண்மை. ஆனால் விளம்பரமாக அது தோற்றது என்பது என் கட்சி. 'போனைக் குறைவாகப் பார்' என்ற வாக்கியம் ஆர்வலனுக்கு அவமானம். போனை நாள் முழுக்கப் பார்ப்பதுதானே அவன் சந்தோஷம்! போதாக்குறைக்கு, எழுத்தை காப்பி, பேஸ்ட் செய்கிற வசதிகூட 2011 மார்ச்சில்தான் வந்து சேர்ந்தது. சாதாரணரோ கடைக்குப் போகுமுன் ஒரு காரியம் செய்வார். பக்கத்து ஃப்ளாட் இன்ஜினீயர் பையனிடம், 'தம்பி, இது வாங்கலாமா?' என்று கேட்பார். அந்தத் தம்பியைத்தான் விளம்பரம் கழிப்பறையில் காட்டியது. அவன் என்ன பதில் சொல்வான்?

தம்பிகளைத் தொடர்ந்து பகைத்துக்கொண்டார்கள். 2012-ல் 'எங்கள் போனை வேகத்தில் ஜெயித்தால் பரிசு' என்று தங்கள் கடைகளிலேயே பந்தயம் வைத்தார்கள். கலிஃபோர்னியாவின் சான்டா கிளாராவில் ஒருவர் ஆண்ட்ராய்டை வைத்து ஜெயித்தார். கடைக்காரர்கள் பரிசை மறுத்தார்கள். விஷயம் நாறிய பிறகு கம்பெனி மன்னிப்புக் கேட்டு லேப்டாப் கொடுத்தது. அதே வருஷம் ஏப்ரலில் நோக்கியாவின் லூமியா 900 அமெரிக்காவில் தடபுடலாக இறங்கியது. மூன்று மாதம் ஆவதற்குள், ஜூனில், விண்டோஸ் போன் 8 வரும், இப்போதுள்ள போன்களுக்கு அது கிடைக்காது என்று அறிவித்தார்கள். நம்பி முதலில் வாங்கியவன்தான் முதலில் ஏமாந்தான்.

'சரி, ஆர்வலனை மட்டும் குஷிப்படுத்தினால் போதுமா?' என்று கேட்பீர்கள். போதாது. அதற்கும் நோக்கியாவே சாட்சி. 2009-ல் வந்த என்900-ல் லினக்ஸ் கட்டளைகளை டைப் அடிக்கலாம். ஆர்வலர்கள் கொண்டாடினார்கள். கடைக்கு வந்த மற்றவர்களுக்கு அது எதற்கு என்று யாரும் சொல்லவே இல்லை. அதன் வாரிசான என்9 2011-ல் அறிவிக்கப்பட்டபோது, கம்பெனி விண்டோஸுக்கு வாக்குக் கொடுத்து நாலு மாதம் ஆகியிருந்தது. விமரிசகர்கள் மெச்சிய அந்த போனை அமெரிக்காவில் வெளியிடவே இல்லை.

ஆக, ஆர்வலனுக்குத் திறவுகோலைக் கொடு, அவன் கண்டுபிடித்ததை ஊருக்குப் புரியும்படி சொல். இரண்டும் வேண்டும், இதே வரிசையில் வேண்டும். விண்டோஸ் போன் விழுந்ததற்கு விளம்பரம் மட்டும் காரணம் என்று சொன்னால் அது அநியாயம். தாமதமாக வந்தார்கள். ஆப்ஸ் இல்லை. இன்ஸ்டாகிராம்கூட 2013 நவம்பரில்தான் எட்டிப் பார்த்தது. ஆனால் ஆப்ஸ் எழுதுகிறவர்கள் யார்? அதே தம்பிகள்தான்.

இதெல்லாம் அமெரிக்காக்காரன் விவகாரம், நமக்கென்ன என்று இருந்துவிட முடியவில்லை. 2014-ல் நோக்கியாவின் போன் வியாபாரம் மைக்ரோசாஃப்ட்டுக்குக் கைமாறியபோது, வரித் தகராறில் சிக்கியிருந்த ஸ்ரீபெரும்புதூர் ஆலை மட்டும் வெளியே நின்றது. ஆர்டர் நின்றது, நவம்பர் 1-ம் தேதி உற்பத்தியும் நின்றது. அடுத்த வருஷம் மைக்ரோசாஃப்ட் அந்த வியாபாரத்தில் 760 கோடி டாலரை நஷ்டக் கணக்கில் எழுதி, 7,800 பேரை வீட்டுக்கு அனுப்பியது.

2019 ஜனவரியில், விண்டோஸ் போனை இன்னும் விடாமல் வைத்திருந்த விசுவாசிகளுக்கு மைக்ரோசாஃப்ட் ஒரு யோசனை சொன்னது. ஆண்ட்ராய்டுக்கோ ஐபோனுக்கோ மாறிக்கொள்ளுங்கள் என்று. அந்தக் கம்பெனி வாங்குகிறவரிடம் நேராக, எளிமையாகப் பேசிய ஒரே வாக்கியம் அதுதான் என்று தோன்றுகிறது.