மாசிக்காய் மையில் ஒரு வம்சம்

மாசசூசெட்ஸின் பழைய ஊர்ப் பதிவேடுகளில் ஸ்மித் என்னும் ஆங்கிலேயக் குடும்பப் பெயரைத் தேடிச் செல்பவனின் பொறுமையை நான் பெரிதும் ரசிக்கிறேன். கருமை தேய்ந்து பழுப்பேறிய மாசிக்காய் மையில், இறகுப் பேனா கீறிய வரிகளில், குமாஸ்தாவின் செவிக்கு எட்டிய ஒலியே எழுத்தாகிவிட்டபடியால், தந்தையின் பெயரில் 'ஐ' நின்ற இடத்தில் மகனுக்கு 'ஒய்' வந்து அமர, பேரனுக்கோ வால்போல ஓர் 'இ'யும் ஒட்டிக்கொள்கிறது. போதாக்குறைக்கு, 1752க்கு முன் மார்ச் 25-ஆம் தேதியே அவ்வூர்க்காரர்களுக்கு வருஷப் பிறப்பு. ஆகையால் பிப்ரவரியில் பிறந்த சிசுவுக்கு இரண்டு வருஷங்களை அருகருகே எழுதிவைத்த விநோதமும் உண்டு! தடித்த காகிதம் மெல்லச் சரசரக்க, பூதக்கண்ணாடியை விரல் அளவு நகர்த்தி, அவன் அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறான். அந்தி சாய்வதற்குள் ஒரே ஒரு பெயர் கிட்டினாலும் அவனுக்கு அது நல்ல நாள்தான்.