கரிக்கோடு

கொட்டாஞ்சேனையில் ஒரு கராஜ். பழைய மொரிஸ் மைனர் நிற்கிறது; 1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் செய்த வண்டி. உள்ளே புகை மணம். பாஸ் ஸ்பானரைத் தொடவேயில்லை. ஆறிய என்ஜினை ஸ்டார்ட் பண்ணி, சைலன்சர் வாயைச் சீலையால் சற்றே அடைத்து, மூட்டுகளில் சவர்க்காரத் தண்ணீர் தடவுகிறார். குமிழி எழும்பும் இடம்தான் ஓட்டை. மெனிஃபோல்ட் ஓரத்தில் மெல்லிய கரிக்கோடு தெரிந்தால் தண்ணீரும் தேவையில்லை. கேஸ்கட்டுக்குப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகள் இருக்கின்றன.

நான் ரசித்தது அடுத்த வேலையை. டிக்கிக் கதவுக்கிடையில் கடதாசி வைத்து மூடி, இழுத்துப் பார்க்கிறார். ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறையும். புகை அங்கே சுழன்று, இற்றுப்போன ரப்பர் வழியே உள்ளே நுழையும். அதிலுள்ள காபன் மொனொக்சைட்டுக்கோ மணமே இல்லை. கடதாசி வழுக்கிய இடமெல்லாம் சோக் குறி. வெள்ளவத்தை உப்புக்காற்று சைலன்சரைத் தின்றது தெரியும். வெயில் ரப்பரை அப்பளமாக்கியிருந்ததை அன்றுதான் கண்டேன்.