குதிரைக்குத் தீனி போடுவது யார்?

கோவை கோட்டைமேட்டில் இன்று கோட்டை இல்லை, பெயர்தான் மிச்சம். 1791 நவம்பரில், பல மாத முற்றுகைக்குப் பின் கும்பினியின் காவற்படை திப்புவின் படையிடம் சரணடைந்தது அந்தக் கோட்டையில்தான். இப்போது அங்கே ஈஸ்வரன் கோயில் இருக்கிறது, பள்ளிவாசல்கள் இருக்கின்றன. பக்கத்தில் பெரிய கடைவீதியில் அதிதூதர் மைக்கேல் பேராலயம். 1997 நவம்பர் 29 அன்று காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். அடுத்த நாட்களின் கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். 1998 பிப்ரவரி 14 குண்டுவெடிப்புகளில் 58 பேர் செத்தனர். கோட்டை போன இடத்தில் காவல் சாவடிகள் முளைத்தன.

அந்த நாட்களில் நகரத்துச் சபைகளில் ஜெபங்கள் நடந்தன. கடவுளைக் கோட்டை என்றும் கன்மலை என்றும் அழைப்பது விவிலிய மரபு. இரதத்தையும் குதிரையையும் நம்பாதே, கடவுளை நம்பு என்பது சங்கீதத்திலிருந்து ஏசாயா வரை திரும்பத் திரும்ப வரும் பேச்சு. இதை நாம் எப்படி வாசித்துவந்திருக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

நம்மிடையே இரண்டு வாசிப்புகள் உண்டு. சபையின் வாசிப்பில் குதிரை ஓர் உருவகம் ஆகிவிடுகிறது. பணம், டாக்டர், சிபாரிசு எல்லாம் குதிரை. அவற்றைவிடக் கடவுள் பெரியவர். பரீட்சைக்கும் ஆபரேஷனுக்கும் பொருந்துகிற ஆறுதல் இது. ஆறுதல் தேவையில்லை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் ஒரு போர்க்காலப் பேச்சு இதில் வீட்டுக்குள் அடைபட்டுப் போகிறது. மற்றது நம் தோழர்களின் வாசிப்பு: பலமில்லாதவன் வானத்தைப் பார்க்கிறான், அவ்வளவுதான். இரண்டு பேரும் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. பிரதியில் வரும் குதிரை நிஜக் குதிரை. அது தின்னும்.

முதலாம் ராஜாக்கள் பத்தாம் அதிகாரம் விலையே சொல்கிறது. எகிப்திலிருந்து ஓர் இரதம் 600 வெள்ளிக்காசு, ஒரு குதிரை 150. சாலொமோனிடம் 1,400 இரதங்கள், 12,000 குதிரைவீரர்கள். வாற்கோதுமையும் வைக்கோலும் கொண்டுவந்து கொட்டும் பொறுப்பு பன்னிரண்டு அதிகாரிகளுக்கு. முறை வைத்து மாதத்துக்கு ஒருவர். அந்த வைக்கோல் யார் வயலிலிருந்து வந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. ராஜா வேண்டும் என்று ஜனங்கள் கேட்டபோது சாமுவேல் போட்ட பட்டியலும் இதுதான்: பிள்ளைகளை இரதத்துக்கும் ஆயுதப் பட்டறைக்கும் எடுப்பான்; பெண்களைச் சமையலுக்கு எடுப்பான்; நல்ல வயலை எடுத்துத் தன் ஆட்களுக்குக் கொடுப்பான்; தானியத்தில் பத்தில் ஒன்று வாங்குவான். ராஜா குதிரைகளைப் பெருக்கக்கூடாது, அதற்காக ஜனங்களை எகிப்துக்குத் திருப்பி அனுப்பக்கூடாது என்கிறது உபாகமம். தப்பிவந்த அடிமை வீட்டுக்கே குதிரை திரும்பக் கூட்டிப்போகும் என்பது அதன் பயம்.

ஆக, குதிரையா கடவுளா என்ற எதிர்மறைக்குள் ஒரு வரவுசெலவுக் கணக்கு இருக்கிறது. கடவுளை நம்புவது என்றால் நிலையான படையின் செலவைக் குடியானவன் தலையில் ஏற்ற மறுப்பது. நார்மன் காட்வால்ட் 1979இல் 'யாவேயின் குலங்கள்' நூலில் ஆதி இஸ்ரவேலை, கானானிய நகர அரசுகளை எதிர்த்து மலையில் திரண்ட குடியானவர்களின் எழுச்சியாகக் கண்டார். பின்வந்த அகழாய்வாளர் பலர் அந்த எழுச்சியை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அந்த மலைச் சிற்றூர்களில் அரண்மனைகள் அகப்படவில்லை என்பதை மறுப்பாரும் இல்லை. நியாயாதிபதிகள் நூலில் சிசெராவின் 900 இருப்பு இரதங்கள் கீசோன் ஆற்று வெள்ளத்தில் சிக்குவதை இந்தப் பின்னணியில் வாசித்தால் அது மாயம் போலத் தோன்றாது. மழையும் சேறும் யார் பக்கம் என்று தெரிந்த குடியானவனின் சிரிப்பு கேட்கும்.

இன்னொரு இடம். முதலாம் சாமுவேல் பதின்மூன்றாம் அதிகாரத்தில், இஸ்ரவேல் தேசத்தில் ஒரு கொல்லன்கூட இல்லை. எபிரெயர் வாளும் ஈட்டியும் செய்துவிடக்கூடாது என்று பெலிஸ்தர் பார்த்துக்கொண்டார்கள். கலப்பைக் கொழுவைத் தீட்டவும் அவர்களிடம்தான் போகவேண்டும். பட்டறைகளின் ஊரான கோவையில் உட்கார்ந்து இதை வாசிக்கிறவர் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அதைப் பிறகு பார்ப்போம்.

இங்கேயே கட்டுரையை முடித்தால் நமக்கு வசதியான விவிலியம் ஒன்று கிடைத்துவிடும். ஆனால் குதிரைகளின் குதிங்கால் நரம்பை அறுத்து இரதங்களைக் கொளுத்தச் சொன்ன அதே யோசுவா நூலில்தான் எரிகோ வருகிறது. ஆண், பெண், பிள்ளை, கிழவர், ஆடுமாடு எல்லாம் வாளுக்கு இரை. கெர்ஹார்ட் ஃபோன் ராட் 1951இல் 'புனிதப் போர்' என்று இதைத்தான் ஆராய்ந்தார். போர் கடவுளுடையது, மனிதர் நம்பினால் போதும். இதில் ஆயுதம் குறைகிறது, கொலை குறையவில்லை. தன் பலத்தால் ஜெயித்தவனிடம் கணக்குக் கேட்கலாம். கடவுள் ஜெயித்தார் என்கிறவனிடம் யார் கேட்பது? கிதியோன் 300 பேரோடு ஜெயித்ததைப் பிரசங்கிக்கிறவர்கள் அதற்கு அடுத்த அதிகாரத்தையும் வாசிக்க வேண்டும். கொள்ளையில் வந்த பொன்னால் அவன் செய்துவைத்த ஏபோத்தே ஊருக்குக் கண்ணியாயிற்று.

எருசலேமின் கதை இதைவிடச் சிக்கலானது. கி.மு. 701இல் அசீரியன் சனகெரிப் வருகிறான். எகிப்தின் குதிரைகளை நம்பாதே, அவை வெறும் மாம்சம் என்கிறார் ஏசாயா. மதிலைப் பலப்படுத்த வீடுகளை இடித்ததையும் கண்டிக்கிறார் (இருபத்திரண்டாம் அதிகாரம், இடிபட்ட வீடுகள் யாருடையவை என்று அங்கே எழுதியில்லை). நகரம் தப்புகிறது. ஒரே இரவில் 1,85,000 அசீரியர் மாண்டதாக விவிலியம் சொல்கிறது. சனகெரிப்பின் கல்வெட்டோ 46 அரணான ஊர்களைப் பிடித்ததாகவும் 2,00,150 பேரைக் கொண்டுபோனதாகவும் பெருமையடிக்கிறது. எண்ணிக்கை மிகையாக இருக்கலாம். ஆனால் லாகீஸ் விழுந்த காட்சியைத் தன் அரண்மனைச் சுவரில் அவன் செதுக்கிவைத்தான்; அந்தக் கற்கள் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. தலைநகரம் 'கடவுள் காத்தார்' என்று கொண்டாடியபோது, மூட்டை முடிச்சோடு நடத்திச் செல்லப்பட்டவர்கள் நாட்டுப்புறத்து ஜனங்கள்.

அந்தப் பக்கத்துக்காரர்தான் மீகா. லாகீஸின் இரதங்களில்தான் பாவம் தொடங்கியது என்கிறார். அத்தோடு விடவில்லை. கடவுள் நம் நடுவில் இருக்கிறார், நமக்கு ஒன்றும் வராது என்று லஞ்சம் வாங்கிக்கொண்டே சொல்லும் தலைவர்களைப் பார்த்து, சீயோன் உழுத வயலாகும் என்றார். நூறு ஆண்டு கழித்து எரேமியா, ஆலயத்தின் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பத்திரமாக உணர்ந்தவர்களிடம் அதையே சொல்லி, அடியும் வாங்கினார். கடவுள் நம்பிக்கையும் ஓர் இரதமாக முடியும் என்பதை விவிலியமே தனக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. இந்த உட்பகையை அழித்துவிட்டு ஒரே குரலாக வாசிப்பதுதான் பிரதிக்கு நாம் செய்யும் வன்முறை.

இப்போது பட்டறைக்கு வருவோம். 2019 ஜனவரியில் தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் தொடங்கப்பட்டது. அதன் ஐந்து மையங்களில் கோவையும் ஒன்று. பம்புசெட்டும் கிரைண்டரும் நூற்பாலை உதிரிபாகமும் செய்த ஊர் இது. 2016இன் பணமதிப்பிழப்பும் 2017இன் ஜி.எஸ்.டி.யும் சிறு ஜாப் ஒர்க் பட்டறைகளை நொடித்த பிறகு ராணுவ ஆர்டர் விடிவாகத் தெரிகிறது. கணபதிப் பக்கம் நாலு லேத் வைத்திருக்கும் நண்பர், ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவர், கேட்டார்: "ஏனுங்ண்ணா, நம்ம கைல என்னங்க இருக்குது? வர்ற ட்ராயிங்க பாத்துக் கடைஞ்சு குடுக்கறோம். அது பம்புக்குப் போகுதா பீரங்கிக்குப் போகுதான்னு அதுல எழுதியிருக்குமுங்களா? ஆளுங்களுக்குச் சனிக்கிழமையானா சம்பளம் போடோணுமுங்க."

அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு யோக்யதை இல்லை. சாமுவேலின் பட்டியலில் ஆயுதப் பட்டறைக்கு எடுக்கப்படும் பிள்ளைகள் குற்றவாளிகள் அல்ல, வரி கட்டுகிறவர்களைப் போலவே அவர்களும் குதிரைக்குத் தீனி. ஆனால் அந்த ஆர்டருக்காக ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, அடுத்த வாரம் குதிரைகளை நம்பாதே என்று பிரசங்கிக்கும் சபையிடம் கேட்கலாம். வாளைக் கொழுவாக அடிப்பதாகச் சொன்ன ஏசாயா இருக்கிற அதே புத்தகத்தில், கொழுவை வாளாக அடி என்கிற யோவேலும் இருக்கிறார். எது எந்தக் காலத்துக்கு என்று தீர்மானிக்க வேண்டியது வாசிக்கிற நாம். கொல்லனே இல்லாத ஜனம் கொழு தீட்ட எதிரியிடம் போனது. கொல்லர்கள் நிறைந்த நம் ஊரில் கொழுவுக்கு ஆர்டர் இல்லை.

கோட்டைமேட்டுக்கும் இதே கேள்விதான். 1997இலும் 1998இலும் கொன்றவர்கள் யாரும் கடவுளை நம்பாதவர்கள் இல்லை. ஒவ்வொரு தரப்புக்கும் தன் கடவுள் தன் பக்கம் இருந்தார். எனவே கடவுளை நம்புகிறாயா, படையை நம்புகிறாயா என்று கேட்டுப் பிரயோஜனமில்லை. உன் பாதுகாப்புக்கு யார் வீடு இடிகிறது, யார் பிள்ளை போகிறான், யார் வயலிலிருந்து வைக்கோல் வருகிறது என்று கேட்க வேண்டும். மீகா கேட்டது அதுதான். சபைகளிலும் பள்ளிவாசல்களிலும் கோயில்களிலும் நம் கட்சி ஆபீஸ்களிலும் இதைக் கேட்டுப் பார்ப்போம். என்னோடு மாறுபடுகிறவர்கள் எழுத வேண்டும்.