மூன்று இரவு வனவாசம்

வனவாசம் என்றால் 14 வருஷம் என்பது நம் கணக்கு. அதில் ஒரு நாளைக் குறைப்பதற்குக் கூடக் கைகேயி சம்மதித்திருக்க மாட்டாள். இங்கிலாந்தில் இப்போது மூன்று இரவுக்கு வனவாசம் கிடைக்கிறது. வெள்ளிக்கிழமை போய்த் திங்கட்கிழமை திரும்பிவிடலாம். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்கிறவர்கள் திங்களன்று போய் வெள்ளி வரை நாலு இரவு இருக்கலாம். மரவுரி தேவையில்லை, நீச்சல் உடை எடுத்துப் போக வேண்டும்.

லண்டனில் வேலை பார்க்கும் என் மகன் சென்ற வருஷம் தன் மனைவி குழந்தைகளோடு என்னையும் இப்படி ஒரு காட்டு விடுமுறைக் கிராமத்துக்கு அழைத்துப் போனான். ஸஃபோக் ஜில்லாவில் எல்வெடன் என்ற சின்ன ஊரை அடுத்தது அது. போகும் முன்பே இந்தக் கட்டுரையின் முதல் பாராவை மனத்துக்குள் எழுதி முடித்துவிட்டேன். அது கொஞ்சம் காரமாகவே அமைந்திருந்தது. படிக்காத புத்தகத்துக்கு மதிப்புரை எழுதுகிறவர்களை நான் பல தடவை கண்டித்திருக்கிறேன். எனக்கு அந்தக் குணம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிராமம் என்று பெயரே தவிர, இது தானாக வளர்ந்த ஊர் அல்ல. ஒருவர் உட்கார்ந்து இயற்றியது. ஆகையால் ஒரு நாவலை எடுத்துக்கொண்டு விமரிசிப்பது போல இதையும் விமரிசிக்கலாம் என்பது என் கட்சி. மூல ஆசிரியர் பீட் டெர்க்ஸன் என்ற டச்சுக்காரர். ராட்டர்டாம் நகரில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருந்தவர். 1968-ல் ஹாலந்தின் லிம்பர்க் பிரதேசத்துக் காட்டில் முதல் விடுமுறைக் கிராமத்தைத் திறந்தார். மரங்களுக்கு நடுவே சின்னச் சின்ன வீடுகள். ஒவ்வொன்றிலும் சமையலறை, படுக்கை, காட்டைப் பார்த்த பெரிய ஜன்னல். பிற்பாடு இந்த ஸ்தாபனம் சென்டர் பார்க்ஸ் என்று பெயர் பெற்றது.

வீடுகளுக்குத் திட்டம் போட்டவர் யாப் பாகெமா என்ற கட்டடக் கலைஞர். இவர் சாமானியர் அல்ல. 1940-ல் ஜெர்மானியரின் குண்டுவீச்சில் ராட்டர்டாமின் நடுப்பகுதி அழிந்தது. அதைத் திரும்ப எழுப்பியவர்களில் இவரும் ஒருவர். 1953-ல் அங்கே திறக்கப்பட்ட லைன்பான் கடைவீதி இவரும் இவர் கூட்டாளியும் அமைத்தது; வண்டி நுழையாமல் மனிதர் மட்டும் நடக்கிற வீதி. காரில்லாத ஊர் என்ற கற்பனை, காட்டுக்கு வருவதற்கு முன்னால் இடிந்த நகரத்தில் அப்யாசம் ஆகியிருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

1980-ல் இன்னோர் அத்தியாயம் சேர்ந்தது. வடக்கு ஐரோப்பாவில் விடுமுறையைக் கெடுப்பது மழை. அதற்குப் பரிகாரமாகக் கண்ணாடிக் கூரை வேய்ந்து, அடியில் தென்னங்கீற்றுப் போன்ற இலைகளுள்ள மரங்களை வைத்து, வருஷம் முழுவதும் வெதுவெதுப்பாக இருக்கும் நீச்சல் குளம் கட்டினார்கள். வெளியே பனி பெய்தாலும் உள்ளே நம் ஊர்ப் பங்குனி மாதம். 1987-ல் இந்த ஏற்பாடு கடல் தாண்டி இங்கிலாந்துக்கு வந்தபோது, முதல் கிராமத்துக்குத் தேர்ந்த இடம் ராபின் ஹூட் ஒளிந்திருந்ததாகக் கதை சொல்லும் ஷெர்வுட் காடு. பணக்காரர்களை வழிமறித்த காடு, பிறகு அவர்களை முன்பதிவு செய்யச் சொல்லி அழைத்தது. எல்வெடன் கிராமம் 1989-ல் வந்தது.

உள்ளே நுழைந்ததும் சாமான்களை வீட்டு வாசலில் இறக்கிவிட்டுக் காரைத் தொலைவில் கொண்டு போய் நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகு சைக்கிள், அல்லது கால். இந்த ஒரு விதியில் ஆசிரியரின் கை தெரிகிறது. கார் போன அரை மணிக்கெல்லாம் காது வேறு விதமாகக் கேட்க ஆரம்பிக்கிறது. பைன் மரத்திலிருந்து ஒரு காய் விழுந்த சத்தத்தைத் திண்ணையில் உட்கார்ந்தபடி கேட்டேன். எட்டு வயசுப் பேரன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வளைவில் மறைந்தான், யாரும் பதறவில்லை.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகுதான் என் குற்றப்பத்திரிகையைப் படித்தேன். முதல் குற்றம், காடு பொய் என்பது. மரங்கள் வரிசையாக நிற்கின்றன. எந்த மரத்தடியில் நின்று பார்த்தாலும் நேர்கோடாக ஒரு சந்து தெரிகிறது. காட்டில் மரம் இப்படி நிற்காது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தாம் நிற்பார்கள். வீடுகளும் ஒரே அச்சு. முதல் நாள் இருட்டில் நான் வேறொருவர் வீட்டுக் கதவைத் திறக்கப் பிரயத்தனம் செய்துகொண்டிருந்தேன். அது என் பார்வையின் கோளாறு என்று மருமகள் சொல்கிறாள்.

மரங்கள் வரிசையாக நிற்பதற்குக் காரணம் உண்டு. எல்வெடனைச் சுற்றியுள்ள பிரதேசத்துக்கு பிரெக்லாண்ட் என்று பெயர். மணல் பூமி, மழை குறைவு. 1668-ல் அங்கே கிளம்பிய மணல் சாண்டன் டவுன்ஹாம் என்ற ஊரின் ஒரு பகுதியை மூடிவிட்டது. ஆடும் முயலும் மேய்ந்து கிடந்த வெளி அது. முதல் உலக யுத்தத்தில் மரத்துக்குப் பஞ்சம் வந்து, 1919-ல் அரசாங்கம் வனக் கமிஷன் அமைத்தது. 1922 முதல் இந்த மணலில் பைன் கன்றுகளை நட்டார்கள். தெட்போர்ட் காடு என்று இன்று பெயர் பெற்றிருப்பது இதுதான். முல்லையும் குறிஞ்சியும் காய்ந்து பாலையாகும் என்று நம் இலக்கியத்தில் படித்திருக்கிறோம். இங்கே ஒரு பாலையை மனிதர்கள் மண்வெட்டி கொண்டு முல்லையாக்கியிருக்கிறார்கள். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு முதல் முறையாக நாக்குக் கூசிற்று.

மறுநாள் காலை திண்ணைக்கு ஒரு குட்டை மான் வந்தது. முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. "தாத்தா, இது இந்த ஊர் மானா?" என்றான் பேரன். இல்லை. முண்ட்ஜாக் என்ற இந்த இனம் சீனாவிலிருந்து வந்தது. சுமார் நூற்றிருபது வருஷங்களுக்கு முன் ஒரு பிரபு தம் தோட்டத்தில் கொண்டு வந்து வளர்த்தார். தப்பி ஓடித் தென் இங்கிலாந்து முழுவதும் பரவிவிட்டது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் கேளையாடு இதற்கு ஒன்றுவிட்ட உறவு. அப்புறம் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். பைனில் ஒரு ஜாதி கார்ஸிகா தீவினுடையது. பக்கத்து வயலில் கத்தும் பெஸன்ட் கோழி ஆசியப் பறவை. முயலே நார்மானியர்கள் கொண்டு வந்ததுதான்.

மனிதரும் உண்டு. வரும் வழியில் எல்வெடன் மாதா கோயிலில் இறங்கி ஒரு கல்லறையைப் பார்த்துவிட்டுத்தான் வந்தோம். பஞ்சாபின் கடைசி மகாராஜா துலீப் சிங் அங்கே அடக்கமாகியிருக்கிறார். 1849-ல் ஆங்கிலேயர் அவர் ராஜ்யத்தை எடுத்துக்கொண்டபோது அவருக்குப் பத்து வயசு. கோஹினூர் வைரமும் போயிற்று. பையனை மதம் மாற்றி, 1854-ல் இங்கிலாந்துக்கு அழைத்து வந்தார்கள். 1863-ல் எல்வெடன் ஜமீன் அவர் கைக்கு வந்தது. மாளிகையின் உள்ளே சித்திர வேலைகளோடு லாகூரை நினைவூட்டும்படி கட்டிக்கொண்டார்; வெளியே பறவைகளைச் சுட்டுக்கொண்டிருந்தார். 1893-ல் பாரிஸில் இறந்தார். கடல் கடந்து இந்த மணலில் வந்து, இல்லாத ஊரை வீட்டுக்குள் கட்டிக்கொண்டு வாழ்ந்த மனிதர். அவரும் வனவாசிதான், திரும்பிப் போய்ப் பட்டம் கட்டிக்கொள்ள முடியாத வனவாசி.

மானும் கோழியும் பைனும் மகாராஜாவும் வந்தேறிகளாக இருக்கிற இடத்தில், என் மகன் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் அங்கே வந்து 19 வருஷம் ஆகிறது. எது அசல், எது போலி என்று அந்த இடத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

இரண்டாம் குற்றம் பாக்கி இருந்தது. கிராமத்தில் சும்மா இருக்க முடியாது. பத்து மணிக்கு வில்வித்தை, பதினொன்றரைக்கு மரம் ஏறுதல், இரண்டு மணிக்குப் படகு. எல்லாம் நேரம் குறித்துப் பதிவு செய்வது. என் மகன் போனைப் பார்த்துப் பார்த்து எங்களை ஓட்டிக்கொண்டிருந்தான். வாரப் பத்திரிகைத் தொடர்கதைதான் நினைவுக்கு வந்தது. ஒவ்வோர் இதழிலும் ஒரு சம்பவம் நடந்தாக வேண்டும். வாசகன் ஒரு நிமிஷம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டால் போச்சு என்று ஆசிரியருக்குப் பயம். அந்தப் பயம் இங்கே கிராமம் முழுவதும் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்தது.

ஞாயிறு இரவு மகன் கேட்டான். "அப்பா, உங்களுக்கு இடம் பிடிக்கவில்லை, இல்லையா?"

"காடாக இல்லையேடா."

"எனக்குத் தெரியாதா? ஆனால் இவன் தனியாகச் சைக்கிள் விட்டு நான் பார்த்தது இங்கேதான். எனக்கு வருஷத்தில் கிடைக்கிற காடு இவ்வளவுதான்." கொஞ்ச நேரம் கழித்து, கோபமே இல்லாத குரலில், "நீங்கள் களக்காட்டில் போய் உட்கார்ந்து நாவல் எழுதினீர்களே, அந்தக் காட்டை நான் பார்த்ததே இல்லை" என்றான்.

வாஸ்தவம். வனத்துறை பங்களாவில் மூன்று வாரம் தனியாக இருந்து எழுதினேன். அசல் காடு, அருவிச் சத்தம், யானைத் தடம், அட்டை எல்லாம் உண்டு. காட்டு வர்ணனையைப் பலர் பாராட்டினார்கள். அவனுக்கு அப்போது இப்போதைய பேரனின் வயசு. அழைத்துப் போயிருக்கலாம். எழுத்துக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று நினைத்தேன். புத்தகத்தை அவனுக்குக் கொடுத்தேன்; காட்டைக் கொடுக்கவில்லை.

இது தெரிந்த பிறகு என் தீர்ப்பை மாற்றிக்கொண்டேனா என்று வாசகர்கள் கேட்கலாம். முழுவதும் மாற்றிக்கொள்ளவில்லை. எழுதியவனின் நல்ல எண்ணத்துக்காக நாவலை நல்ல நாவல் என்று சொல்லக் கூடாது என்றால், படிப்பவனின் களைப்புக்காகவும் சொல்லக் கூடாது. ஆனால் களைத்தவன் ஒருவன் இதைத் தேடி வருகிறான் என்பதை மறந்துவிட்டு எழுதும் விமரிசனமும் பாதி விமரிசனம்தான். ஜனரஞ்சகக் கதைகளைப் பற்றி நான் இத்தனை காலம் எழுதியவற்றில் அந்தப் பாதி விட்டுப் போயிருக்கிறது. அந்தக் கதைகளில் பல மோசமானவை என்று இப்போதும் சொல்வேன். அவற்றை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் தூங்கிப் போகிறவரைப் பற்றி நான் ஒரு வரி எழுதியதில்லை.

கிராமத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். காரை வெளியே நிறுத்தியது ஆசிரியரின் மேதை. நட்டு வளர்த்த காடு என்பது குறையே அல்ல. அந்தக் கதையை வருகிறவர்களுக்குச் சொன்னால் இன்னும் சிறக்கும். கண்ணாடிக் குளம் குழந்தைகளுக்காக எழுதிய அத்தியாயம். என் பேரக் குழந்தைகள் அதை மூன்று முறை படித்தார்கள். பள்ளி விடுமுறை வந்தால் இத்தகைய கிராமங்களில் வாடகை ஏறிவிடுவது உலக வழக்கம். குழந்தை உள்ளவன் வேறு எப்போது போவான் என்பதுதான் கேள்வி. எல்லாவற்றிலும் பெரிய குறை நிகழ்ச்சிகளின் நெருக்கடி. நம் இலக்கணக்காரர்கள் முல்லை நிலத்துக்கு வைத்த உரிப்பொருள் இருத்தல், காத்துக்கொண்டிருப்பது. காட்டுக்குப் போய் என்ன செய்வது என்று கேட்டால் அதுதான் அவர்கள் சொன்ன பதில். அதற்குப் பதிவுச் சீட்டு கிடையாது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஆறு மணிக்கே எழுந்து திண்ணைக்கு வந்தேன். சிறிது நேரத்தில் மகன் இரண்டு டம்ளர் காப்பியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். போனை உள்ளே வைத்துவிட்டு வந்திருந்தான். அந்த மான் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஏறக்குறைய ஒரு மணி நேரம். அது வரவில்லை. களக்காட்டில் அட்டை கடித்தால் என்ன செய்வோம் என்று கேட்டான். உப்புத் தடவுவோம் என்றேன். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது பையனையும் அழைத்து வருகிறேன், போகலாமா என்றான். என் முழங்காலை நினைத்துக்கொண்டேன். போகலாம் என்றேன்.