வர்ராக்கின் கடை

மின்னூல்களின் பெருக்கத்தால் புத்தகக் கடைகள் மறைந்துவிடும் என்ற கவலை கற்றோரிடையே பரவலாகக் காணப்படுகிறது. இக்கவலையில் உண்மை இல்லாமலில்லை. எனினும், கடை என்பதை நூல்களை விலைக்குத் தரும் இடமாக மட்டுமே கொள்ளும் பிழையும் இதில் கலந்திருக்கிறது.

அப்பாஸியர் காலத்து பக்தாதை நோக்குவோம். கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் அந்நகரின் ஒரு பகுதியில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட புத்தகக் கடைகள் இருந்ததாக வரலாற்றாசிரியர் யஅகூபி குறிப்பிடுகிறார். 'வர்ராக்' எனப்பட்ட கடைக்காரர் காகிதம் விற்றார், நூல்களைப் படியெடுத்தார், அவற்றை விற்கவும் செய்தார். பேரறிஞர் ஜாஹிஸ் இத்தகைய கடைகளை வாடகைக்குப் பெற்று, இரவெல்லாம் அங்கேயே தங்கி வாசித்தார் என்ற செய்தியைத் தருபவர் இப்னு நதீம். அவரும் ஒரு வர்ராக்கே. ஹிஜ்ரி 377இல் (கி.பி. 987) அவர் தொகுத்த 'அல்ஃபிஹ்ரிஸ்த்', அக்காலம் வரையிலான அரபு நூல்களைப் பத்துப் பகுதிகளாக வகைப்படுத்துகிறது. அவற்றுள் பெரும்பாலானவை இன்று கிடைப்பதில்லை. அவை இருந்தன என்பதையேனும் நாம் அறிவது ஒரு கடைக்காரரின் புலமையால்தான்.

இன்று 'அல்மக்தபத்துஷ் ஷாமிலா' என்னும் மின்னூலகம் பல்லாயிரம் அரபு நூல்களைக் கட்டணமின்றித் தருகிறது. நாட்கணக்கில் தேடிய ஒரு நபிமொழியின் மூலம் சில நொடிகளில் கிட்டுகிறது. அதனால் நாள்தோறும் பயனடைபவன் என்ற முறையில் அதைக் குறைகூற நான் முன்வரவில்லை. ஆனால் தேடல் கேட்டதை மட்டுமே தரும். இமாம் கஸ்ஸாலியின் 'தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா'விலிருந்து மேற்கோள் எடுத்துவரும் மாணவருக்கு, அதற்கு மறுப்பாக இப்னு ருஷ்து ஒரு நூல் எழுதினார் என்பது தெரியாமலிருக்கலாம். இருப்பதே அறியாத நூலை எச்சொல்லைக் கொண்டு தேடுவது? நூலறிந்த கடைக்காரரோ, முதல் நூலைக் கையிலெடுத்தவரிடம் இரண்டாவதையும் எடுத்து நீட்டுவார்.

வணிக உலகின் அனுபவமும் இதையே உணர்த்துகிறது. அமெரிக்காவின் பார்டர்ஸ் நிறுவனம் 2001இல் தன் இணைய விற்பனையை அமேசானிடம் ஒப்படைத்தது; 2011இல் தன் கடைகளை மூடியது. பார்ன்ஸ் அண்ட் நோபிள் நிறுவனமும் நலிந்தது. ஆனால் 2019இல் அதன் தலைமையேற்ற ஜேம்ஸ் டான்ட், பதிப்பகங்களிடம் பணம் பெற்று நூல்களை முன்னிறுத்தும் வழக்கத்தைக் கைவிட்டார். எந்நூல்களை வைப்பது என்ற முடிவை அந்தந்தக் கடையினரிடமே விட்டார். அந்நிறுவனம் மீண்டும் புதிய கடைகளைத் திறக்கலாயிற்று. வாசிப்பவர் கையில் பொறுப்பு வந்தபோது கடை பிழைத்தது.

ஆகவே, நம் கடைகளுக்கு நேரும் ஆபத்து மின்னூலிடமிருந்து மட்டும் வருவதன்று. தாம் விற்கும் நூலைத் திறந்தும் பாராதவர் நடத்தும் கடை, மின்னூல் வராவிடினும் நலிவுறும். அரபுக் கல்லூரிகளில் பட்டம் பெற்று வெளிவருவோருள் சிலரேனும் இத்தொழிலை மேற்கொள்ள வேண்டும். இமாமத்தும் ஆசிரியப் பணியும் போன்றே இதுவும் இல்முக்குச் செய்யும் கித்மத்தாகும்.